செட்டிநாட்டு வீட்டில் ராத்தங்கல்

செட்டிநாட்டுக்குப் போகிற நிறையப் பேர் காலையில் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ காரில் கிளம்புகிறார்கள். பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு, ஆத்தங்குடி பெரிய வீட்டுக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போய் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, காரைக்குடியில் மத்தியானச் சாப்பாட்டை முடித்து, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படிப் போய் வந்தவன்தான், அதிலும் சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வீடுகளில் ஒரு ராத்திரியாவது படுத்து எழுந்தால்தான் அவை எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியும். வெயில் எந்த நேரத்தில் எந்தத் தூண் வரைக்கும் வரும், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும், முன்வாசலில் பேசினால் பின்கட்டில் கேட்குமா, இதெல்லாம் டிக்கெட் எடுத்து அரை மணி நேரம் சுற்றினால் பிடிபடாது.

இப்போது அதற்கு வழி இருக்கிறது. கானாடுகாத்தான், காரைக்குடி, கொத்தமங்கலம், ஆத்தங்குடி என்று பல ஊர்களில் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். விசாலம், சாரதா விலாஸ், காரைக்குடி பங்களா போன்ற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இவை தவிர, வீட்டுக்காரர்களே நாலைந்து அறைகளை மட்டும் விருந்தாளிகளுக்குக் கொடுத்து, காலைப் பலகாரமும் போட்டு அனுப்புகிற சின்ன இடங்களும் உண்டு. நானும் அம்மாவும் ஐப்பசியில் போய்த் தங்கியது கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டில். பெயர் வேண்டாம், அது ஒரு குடும்பம் குடியிருக்கிற வீடு.

கானாடுகாத்தானுக்குள் நுழைந்தவுடன் முதலில் தெரிவது தெருக்களின் நேர். கோடு போட்ட மாதிரி நீளும் தெருக்கள், ஒன்றுக்கொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு. வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால் அதன் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும். முகப்பின் உச்சியில் சுதையில் கஜலட்சுமி, பக்கத்திலேயே தொப்பி போட்ட துரை, துப்பாக்கி பிடித்த சிப்பாய். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் குடும்பத்தின் அரண்மனையும் இந்த ஊரில்தான் இருக்கிறது, வெளியே நின்று பார்க்கலாம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவிக் கிடக்கிறது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்கிற நகரத்தாரின் நாடு, ஒரு காலத்தில் தொண்ணூற்றாறு ஊர் என்பார்கள். 2014-ல் இந்த ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் ஏறியதால் மட்டும் ஓடு மாற்றுவதற்குப் பணம் வந்துவிடாது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வீட்டு ஆச்சி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். “வாங்க, வாங்க. பையெல்லாம் அப்படியே இருக்கட்டும், எடுத்து வைக்கச் சொல்றேன். அம்மாவ முதல்ல உட்காரச் சொல்லுங்க தம்பி” என்றார். விடுதிக்கு வந்த நினைப்பு அப்போதே போய்விட்டது. நோட்டில் பெயர், ஆதார் நம்பர் எல்லாம் எழுதினோம், ஆனால் அது காபி குடித்த பிறகு.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். படியேறினால் திண்ணை. அதைத் தாண்டி நிலைக்கதவு. அந்தக் கதவின் மேல் தேக்கில் செதுக்கிய லட்சுமியும் யானைகளும் கொடிகளும். தலையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார் அம்மா. உள்ளே முகப்பு, அங்கேதான் அந்தக் காலத்தில் செட்டியார் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார், வந்தவர்களிடம் பேசுவார். அடுத்தது வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வரிசையோடு பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அங்கே சாப்பாடு. அதற்கும் பின்னால் மூன்றாம் கட்டு, சமையல், ஆட்டுக்கல், உரல், கிணறு. எல்லா வாசல்களும் ஒரே நேரில் இருப்பதால் நிலைக்கதவில் நின்று பார்த்தால் கடைசிக் கொல்லைக் கதவு வரை தெரியும். அந்த நேர் வழியாகத்தான் காற்று ஓடுகிறது. மத்தியானம் வெளியே மண்டை காய்கிறபோதும் பத்தியில் உட்கார்ந்தால் வேர்க்காது.

எங்களுக்குக் கொடுத்த அறை வளவை ஒட்டியது. கதவு குள்ளம், குனிந்துதான் நுழைய வேண்டும். சுவர் அவ்வளவு தடிமன். உள்ளே ஒரு பெரிய கட்டில், ஏசி, பக்கத்து உள்ளறையைக் குளியலறையாக மாற்றியிருந்தார்கள். சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே வெளிச்சம் குறைவு, ஜன்னலும் சிறிது. ஆச்சியிடம் கேட்டேன், இவ்வளவு பெரிய வீட்டில் படுக்கிற அறையை மட்டும் ஏன் இவ்வளவு சின்னதாகக் கட்டினார்கள் என்று.

“அறையில யாரு தம்பி படுத்தா? சாமான்தான் படுத்துச்சு” என்றார் ஆச்சி.

விஷயம் அதுதான். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை. அந்தப் புள்ளியின், அதாவது அந்தத் தம்பதியின், உடைமை, பெண் வீட்டுச் சீராக வந்த வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எனாமல் சாமான் எல்லாம் அங்கே பூட்டி வைக்கப்படும். புருஷன் பெண்சாதிக்கு ராத்திரி அந்த அறை. மற்றபடி வாழ்க்கை முழுக்க வெளியே பத்தியில்தான். பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள் எல்லாரும் பாயை விரித்துப் பத்தியில் படுப்பார்கள். கல்யாணமான கொஞ்ச காலத்தில் மகனை ‘வேறு வைப்பார்கள்’: அதே கூரை, அதே வளவு, ஆனால் பின்கட்டில் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரே வீட்டுக்குள் ஏழெட்டு அடுப்பு எரிந்திருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே உலையில் எல்லாருக்கும் சோறு என்றுதான் நினைத்துக்கொள்கிறோம், இங்கே முற்றம் பொது, அடுப்பு தனி. மாமியார் மருமகள் சண்டைக்குப் பாதிக் காரணத்தை வீட்டுப் படத்திலேயே அழித்துவிட்டார்கள்.

அதனால் ஏசி அறையைவிடப் பத்திதான் இந்த வீட்டின் உண்மையான படுக்கையிடம் என்று தோன்றியது. ஆச்சியிடம் கேட்டதும் கொஞ்சம் யோசித்தார். “வெளியூர்க்காரங்களுக்குக் கொசு தாங்காதுன்னு கொடுக்கிறதில்ல. நீங்க கேக்கிறீங்க, படுங்க” என்று பாயும் தலையணையும் கொசுவலையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அம்மாவுக்குத் தரையில் படுத்தால் முட்டி பிடிக்கும், அவருக்கு மட்டும் கயிற்றுக் கட்டில்.

நடுச்சாமத்துக்கு மேல் மழை பிடித்தது. நான் பார்த்ததில் நல்ல மழை இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மழையை இப்படி ஒரு வீட்டுக்குள்ளிருந்து பார்த்ததில்லை. முற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கிறது, நாட்டு ஓடு. விழுந்த தண்ணீரெல்லாம் ஓட்டுக் கூடல்களில் சேர்ந்து, நாலு மூலையிலும் தாரை தாரையாக இறங்குகிறது. முதல் தண்ணீரைப் போக விட்டார்கள், அது கூரையைக் கழுவுகிற தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து ஆச்சியும் வேலை செய்கிற அக்காவும் வந்து இரண்டு மூலையில் அண்டாவை வைத்து வாயில் வேட்டியைக் கட்டினார்கள். “இந்தத் தண்ணில பருப்பு எப்படி வேகும்னு காலையில பாருங்க” என்று அம்மாவிடம் சொன்னார். அண்டா நிறைந்த பிறகு மீதித் தண்ணீர் முற்றத்துக் கல்பாவிய தரையில் ஓடி, தளத்துக்கு அடியில் போகிற கால்வாய் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகிறது. வறண்ட சீமை அது. பெரிய ஆறு எதுவும் கிடையாது, ஊருணியும் கண்மாயும்தான் கதி. ஒவ்வொரு வீட்டின் கூரையையும் ஊருணியோடு கோத்துத்தான் ஊரையே கட்டியிருக்கிறார்கள். சென்னையில் மழைநீர் சேகரிப்புக்குச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டியிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

காலையில் விழித்தபோது முற்றத்து வெயில் எதிர்ச்சுவரில் பாதி ஏறியிருந்தது. அந்தச் சுவரைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் தீராது. பெயிண்ட் கிடையாது. சுண்ணாம்பு மணலில் அடிப்பூச்சு, அதற்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நைசான பூச்சுகள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் புளிக்க வைத்த சுண்ணாம்பு. கடைசிப் பூச்சில் சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். அது காய்வதற்கு முன் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கைவைத்துப் பார்த்தேன், உரித்த முட்டையைத் தொட்டது போல வழவழப்பும் குளிர்ச்சியும். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைதான். கிட்டே போய்ப் பக்கவாட்டில் பார்த்தால் தூணின் நிழலும் அம்மா நடந்து போகிறதும் அதில் மங்கலாகத் தெரிந்தன. நூறு வருஷத்துக்கு நெருங்கிய பூச்சு. தலை சாய்த்து உட்காருகிற உயரத்தில் மட்டும் எண்ணெய்க் கறை ஏறி லேசாக மஞ்சளாகியிருந்தது. அதை எந்தக் காலத்திலும் சுரண்டி எடுத்துவிடாதீர்கள் என்று ஆச்சியிடம் சொன்னேன். எத்தனை தலைகள் அங்கே சாய்ந்திருக்கும்.

வேறொரு ஊரில், பெயர் சொல்லாமல் விடுகிறேன், இதே மாதிரி வீட்டை விடுதியாக மாற்றியவர்கள் சுவர் முழுக்க எமல்ஷன் அடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். கீழே ஈரம் ஏறிய இடத்தில் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மறுபடி காற்றில் விட்டுவிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் உள்ளேயே தங்கி, மூன்று நாலு மழைக்காலத்தில் பூச்சு உப்பித் தகடு தகடாக உதிரும். அங்கே உதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பணம் செலவழித்துத்தான் அந்தச் சுவரைக் கெடுத்திருந்தார்கள். சும்மா விட்டிருந்தால்கூட அது இன்னும் ஐம்பது வருஷம் நின்றிருக்கும்.

சரி, பலகாரத்துக்கு வருகிறேன். பின்கட்டில் வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அளவு இதுதான்: ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் நிற்கிற அளவுக்கு உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் சேர்த்து ஊற வைத்து வெண்ணெய் பதத்துக்கு ஆட்டி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் பால். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஒரே இடத்தில் ஊற்றினால் அது தானாக வட்டமாகப் பரவி எழும்பி வருகிறது. நடுவில் புசுபுசு, ஓரம் முழுக்கச் சல்லடைச் சரிகை. சிவக்க விடக்கூடாது, வெள்ளையாகவே எடுக்க வேண்டும், ஒன்றொன்றாகத்தான் சுட வேண்டும். அதனால் அவசரத்துக்கு ஆகாத பலகாரம். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். பிறகு இட்லியும் கோசமல்லியும், கத்தரிக்காயைச் சுட்டோ வேகவைத்தோ மசித்துப் புளித்தண்ணீர் விட்டுச் செய்கிற கோசமல்லி. கடைசியில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்ட கவுனி அரிசி. அந்தக் கருஞ்சிவப்பு அரிசி பர்மாவிலிருந்து செட்டியார்களோடு கப்பலேறி வந்தது. இலையின் இந்த மூலையில் ரங்கூன் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது ஆச்சி பர்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முந்தைய கதைதான், ஆனால் அந்த வீட்டில் அது நேற்று நடந்தது போலத்தான் பேசப்படுகிறது. 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டை வெட்டிக் கழனியாக்குகிற விவசாயிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வராத இடத்தில் நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். முதலாளியின் ஆளாக ஒருவர் மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போவார், கணக்கை முடித்து ஊர் வந்து இருந்துவிட்டு மறுபடி போவார். ரங்கூன், மௌல்மீன், பினாங்கு, கொழும்பு, சைகோன். பணம் இங்கே வந்து தேக்குத் தூணாக, இத்தாலிச் சலவைக்கல்லாக, பெல்ஜியம் கண்ணாடியாக நின்றது. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்களுடைய நிலம் 1937-ல் 25 சதவீதம். அந்த நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு இந்தத் தூண்கள் எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள், வழியிலேயே எத்தனையோ பேர் செத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியது, 1960-களில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சி மிச்சம் இருந்ததையும் எடுத்துக்கொண்டது. அதோடு புது வீடு கட்டுகிற காலம் முடிந்தது.

இதில் எனக்குப் பட்ட ஒரு விஷயம். நாம் இந்த வீடுகளை இன்று வெறிச்சோடிக் கிடப்பதாகச் சொல்கிறோம். கொடி கட்டிப் பறந்த காலத்தில்கூட இவை பெரும்பாலும் பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். ஆண்கள் கடலுக்கு அப்பால். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும். கல்யாணம், சஷ்டியப்த பூர்த்தி, முன்னோருக்குப் படைப்பு, சாவு என்று வந்தால் மட்டும் ஆயிரம் பேர் வந்து இறங்குவார்கள், அந்த ஆயிரம் பேருக்காகத்தான் அண்டாவும் பந்திக் கட்டும் இவ்வளவு பெரிய முற்றமும். ஆள் வந்து நிறைந்து, பந்தி நடந்து, மறுபடி காலியாகிற வீடாகத்தான் இதைக் கட்டியதே. அந்தக் கணக்கில் பார்த்தால் விருந்தாளிகளை வைத்து நடத்துவது இந்த வீட்டின் இயல்புக்கு ஒட்டிய பிழைப்பு. பள்ளிக்கூடமாகவோ குடோனாகவோ ஆக்குவதைவிட இது மேல்.

ஆனால் ஏன் நிறைய வீடுகள் அப்படி ஆகவில்லை? காரணம் பங்கு. வீடு ஆண் வாரிசுகள் எல்லாருக்கும் சமமாக இறங்குவதுதான் வழக்கமாக இருந்தது. தாத்தாவுக்கு நாலு பிள்ளை, அவர்களுக்கு ஆளுக்கு மூன்று, அவர்களுக்கு இரண்டு என்று போனால் இன்றைக்கு ஒரே வீட்டில் இருபது முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் டெக்சாஸில். ஒவ்வொருவருக்கும் ஓர் அறையில் பூட்டு. ஓடு மாற்ற வேண்டும் என்றாலும் எல்லாரும் சம்மதித்துப் பணம் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் வேலை நிற்கும், ஓர் ஓடு நழுவினால் மழை உத்தரத்தில் இறங்கும், அப்புறம் பத்து வருஷத்தில் ஒரு பக்கக் கூரையே உட்கார்ந்துவிடும். நாங்கள் தங்கிய வீட்டில் அந்தப் பேச்சை முடித்து, பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கவே பல வருஷம் ஆனதாம். இன்னும் இரண்டு அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. “அவுக வந்து திறக்கட்டும், நாம தொடக்கூடாது” என்றார் ஆச்சி.

இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகளின் கதை இதற்கு நேர் எதிராக ஓடியது. அங்கே மூத்த மகனுக்கே முழு வீடும். உடைந்துபோகாமல் பரம்பரையாக நின்ற வீடுகளை வாரிசு வரி வந்து சாய்த்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் இடிபட்டதை 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியாகவே வைத்தது. அவர்களுக்குப் பழைய வீடுகளைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு இருந்தது, வீட்டை ஒப்படைத்துவிட்டு அங்கேயே குடியிருக்கலாம் என்று 1937-லேயே ஏற்பாடு வந்தது. நம் ஊரில் வீட்டைக் காப்பாற்ற நினைக்கிற குடும்பத்துக்கு அப்படிப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. கட்டில் போட்டு, பலகாரம் சுட்டு, வருகிற காசில் ஓடு மாற்றிக்கொள்கிறார்கள்.

காப்பாற்றாத வீடுகள் எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். வரிசையாகப் பழைய சாமான் கடைகள். எனாமல் தூக்கு, மரப்பெட்டி, ரவிவர்மா படம், பீங்கான் ஜாடி எல்லாம் வாங்கலாம், வாங்குங்கள். ஆனால் கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிற நிலைகளையும் தூண்களையும் பார்த்தபோது அம்மா பேசவே இல்லை. ஒரு நிலையின் மேல் மஞ்சள் குங்குமம் வைத்த தடம் அப்படியே இருந்தது. ஏதோ ஒரு பெண் வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைத்தது. அது பெங்களூரில் ஏதோ ஓட்டல் வரவேற்பறைக்குப் போகலாம்.

மனசைத் தேற்றிக்கொள்ள ஆத்தங்குடிக்குப் போனோம், அங்கே இன்னும் கை வேலை நடக்கிறது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதில்லை, பாலிஷ் போடுவதும் இல்லை. ஒரு சதுரக் கண்ணாடியைக் கீழே வைத்து, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், சிவப்பு, பச்சை, மஞ்சள். ஊற்றியவர் அச்சை நேராக மேலே தூக்கினார், ஒரு துளி கலங்கவில்லை. அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர் தூள், பிறகு ஈரக்கலவை, மட்டம் தட்டிக் காய வைத்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுவிடுகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மீதியை வீட்டுக்காரர்களின் காலடி கொடுக்கிறது, நடக்க நடக்கத்தான் இந்தத் தரை மெருகேறும். ஆச்சி வீட்டில் தண்ணீரில் துடைத்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை துடைப்பார்கள். பூட்டிய வீட்டில் இதே கல் மங்கிப் புழுதி பிடித்துக் கிடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம், சித்திரை வைகாசி வெயில் கடுமை. மழை பார்க்க ஆசையிருந்தால் ஐப்பசி. அறை பதிவு செய்வதற்கு முன் போன் போட்டு, வீட்டுக்காரர்கள் யாராவது அங்கே குடியிருக்கிறார்களா என்று கேளுங்கள், சமையல் வீட்டிலேயே நடக்கிறதா என்றும் கேளுங்கள். சில இடங்களில் பழைய வீட்டைக் காட்டிவிட்டுப் பின்னால் புதிதாகக் கட்டிய வரிசையில் அறை கொடுப்பார்கள், வளவை ஒட்டிய அறைதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாடி ஏற முடியாத பெரியவர்கள் இருந்தால் அதையும். விலை இடத்துக்கு இடம் ரொம்ப மாறும். பெரிய விடுதிகளில் நீச்சல் குளம் வரை இருக்கிறது, குடும்பங்கள் நடத்துகிற இடங்களில் அதில் ஒரு பங்குதான் ஆகும். திருமயம் கோட்டை பக்கத்தில்தான், புதுக்கோட்டை போகிற வழியில். பிள்ளையார்பட்டிக்குக் காலை நேரம் நல்லது, ஆனால் பலகாரத்தை விட்டுவிட்டுப் போக வேண்டாம், அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் ரயில் வசதி, சாயங்காலம் கிளம்பி ராத்திரி காரைக்குடியில் இறக்கிவிடும். அங்கிருந்து கானாடுகாத்தானுக்குப் பதினைந்து கிலோமீட்டர் போல, முன்கூட்டிச் சொன்னால் வீட்டிலிருந்தே ஆட்டோ அனுப்புவார்கள். திரும்புவதற்கு மட்டும் பல்லவனில் போடாதீர்கள். அது காரைக்குடியிலிருந்து விடியற்காலையிலேயே போய்விடும், அந்த நேரத்தில் பின்கட்டில் எண்ணெய்ச் சட்டியே ஏற்றியிருக்க மாட்டார்கள். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு மேல் திருச்சி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து மத்தியான ரயிலில் வாருங்கள்.